கேட்காமல் தீர்ப்பு இல்லை: பின்னலாடைத் தொழிலாளரும் தரவுப் பாதுகாப்புச் சட்டமும்

ஒரு மனிதரைப் பற்றிச் சேர்த்துவைத்த தகவல்களைக் கணினி தானே எடுத்து, தனக்குள் எழுதப்பட்ட விதிப்படி எடைபோட்டு, அவருக்கு ஒன்று கிடைக்குமா கிடைக்காதா என்று சொல்வதே தானியங்கி முடிவு. கடன் உண்டா, சனிக்கிழமைச் சம்பளத்தில் எவ்வளவு பிடித்தம், சேமநிதிப் பணம் வருமா என்பவை இன்று இப்படித் தீர்மானமாகின்றன. அந்த நேரத்தில் மனிதரை யாரும் பார்ப்பதில்லை. அவரைப் பற்றிய பதிவு மட்டுமே பார்க்கப்படுகிறது. பதிவு சரியாக இருந்தால் முடிவும் பெரும்பாலும் சரியாக இருக்கும். பதிவில் பிழை இருந்தால் அதற்கான விலையை, எழுதியவர் கொடுப்பதில்லை. பதிவுக்கு உரியவர்தான் கொடுக்கிறார். தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு தொழிலாளியின் வாழ்க்கையைத் தொடும் இடம் இதுதான்.

பனியன் கம்பெனியில் சேரும் பதிவுகள்

நொய்யல் கரையில் வளர்ந்த திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி 2024-25 நிதியாண்டில் 40,000 கோடி ரூபாயைத் தாண்டியது. நிட்டிங், சாயப்பட்டறை, காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று வேலை பல கூடங்களில் பிரிந்து நடக்கிறது. ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் ஏற்றுமதி நிறுவனமும் இங்கே உண்டு, பத்து மிஷின் போட்ட ஜாப் ஒர்க் யூனிட்டும் உண்டு. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்து வந்தவர்களோடு ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் மாநிலத்தவரும் ஒரே லைனில் உட்கார்ந்து தைக்கிறார்கள்.

ஒரு டெய்லர் வேலைக்குச் சேரும் நாளிலேயே ஆதார் நகல், வங்கிக் கணக்கு எண், கைபேசி எண், புகைப்படம், கைரேகை அல்லது முகப்பதிவு ஆகியவை கம்பெனியின் கணினிக்குள் போய்விடுகின்றன. சேமநிதிக்கு ஓர் எண், இ.எஸ்.ஐ. காப்பீட்டுக்கு ஓர் எண் என்று அரசுப் பதிவுகளும் சேர்கின்றன. அமைப்புசாராத் தொழிலாளருக்கென ஒன்றிய அரசு 2021 ஆகஸ்ட் 26-இல் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவு இன்னொன்று. விடுதியில் தங்குபவருக்கு வாசலில் கேமரா, உள்ளே வரவும் வெளியே போகவும் பதிவேடு.

தையல் கூடத்துக்குள்ளும் கணினி வந்துவிட்டது. நவீனமான கூடங்களில் ஒவ்வொரு கட்டுக்கும் ஓர் அட்டை. கட்டு கைமாறும்போது அட்டையைக் காட்டினால், யார், எந்த ஆபரேஷனை, எத்தனை நிமிடத்தில் முடித்தார் என்பது திரையில் ஏறிவிடும். ஒரு பீஸின் ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் இத்தனை நிமிடம் என்று முன்பே கணக்கிட்டு வைத்திருப்பார்கள். அதை வைத்து ஒரு மணி நேர டார்கெட்டும், டார்கெட்டை வைத்து ஒவ்வொருவரின் எஃபிசியன்சி சதவீதமும் தானாகவே கணக்காகின்றன. முன்பு சூப்பர்வைசர் நோட்டில் குறித்துவைத்தது லைனின் உற்பத்தியை. இப்போது பதிவாவது ஒவ்வொருவரின் ஒவ்வொரு நிமிடமும்.

இந்தப் பதிவுகள் கம்பெனியோடு நிற்பதுமில்லை. வெளிநாட்டு பையர் தணிக்கை கேட்கும்போது சம்பளப் பட்டியல், ஓவர்டைம் கணக்கு, வயதுச் சான்று ஆகியவை தணிக்கை நிறுவனத்தின் கைக்குப் போகின்றன. குழந்தைத் தொழிலாளர் இல்லை, சம்பளம் ஒழுங்காகத் தரப்படுகிறது என்று நிரூபிக்க அவை தேவை. தொழிலாளியைப் பாதுகாக்கவே தொடங்கிய இந்த நடைமுறையில் தன் பெயர் எந்த ஊர்க் கணினியில் இருக்கிறது என்பதைத் தொழிலாளி மட்டும் அறிவதில்லை.

பதிவு தீர்ப்பாகும் இடங்கள்

முதல் இடம் வருகைப்பதிவு. உடலுழைப்பில் விரல்நுனி தேய்ந்தவர்களின் ரேகையைக் கருவி பல நேரம் ஏற்பதில்லை. ரசாயனத்திலும் ஈரத்திலும் கை ஊறும் சாயப்பட்டறை வேலையில் இந்தத் தொல்லை அதிகம். ரேகை பதியாத நாள் கணினிக்கு வராத நாள். ஒரு ஷிப்ட் முழுக்க நின்றவருக்கு ஆப்சென்ட் விழுந்தால், அதைச் சொல்லித் திருத்த ஓர் ஆளும் ஒரு வழியும் இருக்க வேண்டும்.

இரண்டாவது டார்கெட். எஃபிசியன்சி சதவீதம் ஊக்கத்தொகையையும், யாரை எந்த மிஷினில் போடுவது என்பதையும், வேலை குறையும்போது யாரை முதலில் நிறுத்துவது என்பதையும் பாதிக்கக் கூடியது. மிஷின் பழுதான அரைமணி நேரம், முந்தைய டேபிளிலிருந்து கட்டு வராமல் காத்திருந்த நேரம், புதிய ஸ்டைலுக்குக் கை பழக எடுத்த நேரம் ஆகியவற்றைத் தனியே குறிக்காத மென்பொருள் அத்தனையையும் அந்த டெய்லரின் மந்தமாகவே கணக்கிடும். சதவீதத்தைப் பார்ப்பவருக்கு இந்தக் காரணங்கள் தெரியாது.

மூன்றாவது, சேமநிதி எனப்படும் வருங்கால வைப்புநிதி. சில வகை முன்பணக் கோரிக்கைகளை மனிதத் தலையீடின்றிக் கணினியே தீர்க்கும் முறையை வைப்புநிதி நிறுவனம் 2020-இல் தொடங்கியது. அதன் வரம்பு 2024-இல் 1 லட்சம் ரூபாயாகவும் 2025-இல் 5 லட்சம் ரூபாயாகவும் உயர்ந்தது. மருத்துவச் செலவுக்குப் பணம் தேடும் குடும்பத்துக்கு இது பெரிய உதவி. வாரக்கணக்கான காத்திருப்பு சில நாள்களாகக் குறைகிறது. தானியங்கி முடிவு தன்னளவில் தீமையில்லை என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் அந்த வேகம் பதிவுகள் ஒன்றோடொன்று பொருந்துபவருக்கே கிடைக்கிறது. தமிழரின் பெயரில் இனிஷியல் என்பது ஒரு நிலையான சிக்கல். ஆதாரில் இனிஷியல் முன்னால், வங்கியில் பின்னால், சேமநிதியில் தந்தை பெயர் முழுதாக என்றிருந்தால் ஒரே மனிதர் கணினிக்கு மூன்று பேராகிவிடுகிறார். வடமாநிலத்தவரின் பெயரில் குமார், தேவி சேர்ந்தும் விடுபட்டும் இதே கதை.

நான்காவது கடன். கடன் தகவல் நிறுவனங்கள் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்குகின்றன. அவற்றுள் ஒன்றான சிபில் தரும் மதிப்பெண் 300-இலிருந்து 900 வரை. தவணையில் வாங்கிய ஒரு கைபேசியின் கட்டாத மாதம் கூட, பல ஆண்டுகளுக்குப் பிறகு மிஷின் வாங்கக் கேட்கும் கடனை மறிக்கலாம். டெய்லராக இருந்து சொந்த யூனிட் போடுவதுதான் திருப்பூரின் பழைய கனவு. அந்தக் கனவின் வாசலில் இப்போது ஒரு மூன்றிலக்க எண் நிற்கிறது. எண்ணிலுள்ள பிழைக்கு ஓரளவு வழியும் பிறந்திருக்கிறது: புகார் கொடுத்து 30 நாளில் திருத்தாவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2024 ஏப்ரலில் நடப்புக்கு வந்தது. கடன் செயலிகள் கைபேசியின் தொடர்பு எண்களையும் படங்களையும் எடுப்பதை அதே வங்கியின் 2022 செப்டம்பர் வழிகாட்டுதல்கள் தடுத்தன. உறவினரை அழைத்து அவமானப்படுத்தும் வசூல்முறைக்கு எதிரான தடை அது.

உரிமை வந்த வழி

கணினி தரும் மதிப்பீட்டை மட்டும் வைத்து மனிதரைத் தீர்ப்பிடக் கூடாது என்ற கொள்கையைச் சட்டமாக எழுதியது பிரான்ஸ், ஆண்டு 1978. 1995-இல் அது ஐரோப்பிய ஒன்றியத்தின் நெறிமுறைக்குள் வந்தது. 2018 மே 25 முதல் நடப்பிலுள்ள பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் 22-ஆம் பிரிவு அதை உரிமையாகவே தருகிறது. ஒருவரைப் பெரிதாகப் பாதிக்கும் முடிவை, சில விதிவிலக்குகள் தவிர, கணினி மட்டும் எடுக்கக் கூடாது. விதிவிலக்கிலும் ஒரு மனிதர் தலையிட்டுப் பார்க்கும்படி கேட்கவும், தன் பக்கத்தைச் சொல்லவும், முடிவை எதிர்க்கவும் பெரும்பாலும் இடமுண்டு.

இந்தியாவில் அடித்தளம் இட்டது உச்ச நீதிமன்றம். கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், தனியுரிமை அடிப்படை உரிமையே என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24-இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தனியுரிமைக்குள் அரசு தலையிட வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், தலையீடு நோக்கத்தின் அளவை மீறக் கூடாது என்பவை அதிலிருந்து பிறந்த அளவுகோல்கள்.

சட்டம் வரைய அமைந்த நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா குழு 2018 ஜூலையில் அறிக்கை தந்தது. ஐரோப்பாவின் 22-ஆம் பிரிவைப் போன்ற தனி உரிமை இந்தியாவுக்குத் தேவையில்லை, தரவு வைத்திருப்பவரைப் பொறுப்பாக்கினால் போதும் என்பது அக்குழுவின் கருத்து. அதையொட்டி வந்த 2019 மசோதா 2022-இல் திரும்பப் பெறப்பட்டது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்ட் 11-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதிலும் தானியங்கி முடிவுக்கு எதிரான தனி உரிமை இடம்பெறவில்லை. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முதன்மையான கடமைகளும் உரிமைகளும் நடப்புக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டது.

2023 சட்டம் தருவது

இந்தச் சட்டத்தைக் குறைகளோடும் நிறைகளோடும் படிக்க வேண்டும். கணினியில் உள்ள தரவுக்கும், காகிதத்தில் வாங்கிப் பின்னர் கணினியில் ஏற்றிய தரவுக்கும் அது பொருந்தும். காகித நோட்டிலேயே இருப்பதைத் தொடாது. மென்பொருளை வெளியார் நடத்தினாலும் பொறுப்பு கம்பெனியுடையதே. மென்பொருள்காரரைக் கைகாட்டித் தப்ப முடியாது. பாதுகாப்பில் அலட்சியம் காட்டித் தரவைக் கசியவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் அந்தப் பணம் இந்தியத் தொகுநிதிக்குப் போகும், பாதிக்கப்பட்டவருக்கு வராது. அவருக்கு இழப்பீடு தரும் பழைய வழியான தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ பிரிவும் இந்தச் சட்டம் முழுமையாக நடப்புக்கு வரும்போது நீங்குகிறது.

ஒப்புதல் கேட்கும்போது ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படித்துக்கொள்ளும் வாய்ப்பைத் தர வேண்டும். தமிழ், ஒடியா, இந்தி, வங்காளி, அசாமி, மைதிலி, சந்தாலி ஆகியவை அதில் உள்ளன. பிகாரின் மேற்கு மாவட்டங்களிலிருந்து வரும் பலரின் தாய்மொழியான போஜ்புரி இல்லை. எழுத்து வாசிக்கப் பழகாதவருக்கு எந்த மொழி அறிவிப்பும் வாய்விட்டுச் சொன்னால்தான் பயன்படும்.

18 வயது நிறையாதவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதை 9-ஆம் பிரிவு தடுக்கிறது. மருத்துவமனை, கல்வி நிலையம், குழந்தைகள் காப்பகம் போன்றவற்றுக்கு விதிகள் அளவான விலக்குத் தருகின்றன. ஆடைத் தொழிற்சாலை அப்பட்டியலில் இல்லை. சட்டப்படி வேலைக்கு வரக்கூடிய 16, 17 வயதுப் பெண்களும் இருக்கும் நூற்பாலை, தையல்கூட விடுதிகளுக்கு இது மிக முக்கியமான செய்தி.

8-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு எல்லாவற்றிலும் பெரிய பிடிமானம். ஒருவரைப் பாதிக்கும் முடிவுக்கு அவர் தரவு பயன்படக்கூடும் என்றால், அது முழுமையாகவும் சரியாகவும் முன்னுக்குப் பின் முரணில்லாமலும் இருப்பதை உறுதிசெய்வது தரவு வைத்திருப்பவரின் கடமை. மிஷின் பழுதான நேரத்தைக் கழிக்காத எஃபிசியன்சி கணக்கு முழுமையான தரவாகாது. ரேகை பதியாததை வராத நாளாக எழுதிய வருகைப்பதிவு சரியான தரவாகாது. இப்படிப்பட்ட பதிவை வைத்து முடிவெடுப்பது கடமை மீறல்.

சட்டம் தராதது

தொழிலாளிக்கான பெரிய இடைவெளி 7-ஆம் பிரிவில் இருக்கிறது. வேலை தொடர்பான நோக்கத்துக்கும், நிறுவனத்தை இழப்பிலிருந்து காப்பதற்கும் ஒப்புதல் இல்லாமலே தரவைக் கையாள முதலாளிக்கு அது இடம் தருகிறது. சம்பளம் போட ஒவ்வொரு மாதமும் ஒப்புதல் கேட்க முடியாது என்பதால் இதில் ஒரு நியாயம் உண்டு. ஆனால் தரவின் விவரத்தைக் கேட்டுப்பெறும் 11-ஆம் பிரிவின் உரிமையும், திருத்தவும் அழிக்கவும் கோரும் 12-ஆம் பிரிவின் உரிமையும் ஒப்புதலின்பேரில் தந்த தரவுக்கும் தாமாகவே தந்த தரவுக்கும் மட்டுமே எழுதப்பட்டுள்ளன. வேலைக்கான தரவு இந்த இரண்டு உரிமைகளுக்கும் வெளியே நின்றுவிடுகிறது. கைபேசிச் செயலியில் ஆடை வாங்குபவர் தன் பதிவைப் பார்த்துத் திருத்தலாம். அந்த ஆடையைத் தைத்தவர் தன் பதிவைப் பார்க்கக் கேட்க முடியாது. இது அநீதி.

அவருக்கு மிஞ்சுவது 13-ஆம் பிரிவின் குறைதீர் உரிமை. நிறுவனம் புகாரைப் பெற ஒரு வழி வைத்திருக்க வேண்டும், 90 நாளுக்குள் தீர்க்க வேண்டும், தீராவிட்டால் தரவுப் பாதுகாப்பு வாரியத்தை நாடலாம். 8-ஆம் பிரிவின் கடமையையும் 13-ஆம் பிரிவின் புகாரையும் சேர்த்துப் பிடிப்பதே அந்த அவகாசம் முடியும்போது தொழிலாளியின் கைக்கு வரும் வழி. கையாளும் மென்பொருள் வழிமுறையால் மக்களின் உரிமைக்குக் கேடு நேராமல் பார்க்க வேண்டும் என்று விதிகள் சொல்வதும், அரசு தனியே அறிவிக்கும் பெரிய தரவு நிறுவனங்களுக்குத்தான். திருப்பூரின் யூனிட்டுகள் பலவும் அந்த அளவுக்கு வரா.

எல்லை தாண்டும் உரிமை

தானியங்கி முடிவை எதிர்க்கும் உரிமை ஐரோப்பாவில் வழக்கு மன்றத்தில் சோதிக்கப்பட்டுள்ளது. பெங்களூரைத் தாயகமாகக் கொண்ட ஓலா நிறுவனத்தின் ஓட்டுநர்கள் பிரிட்டனிலிருந்து தொடுத்த வழக்கில், வருமானத்திலிருந்து தானாகப் பிடித்தம் செய்வது தானியங்கி முடிவே என்று ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் 2021 மார்ச் 11-இல் சொன்னது. ஒரே நிறுவனத்தில் ஓட்டியும், இந்திய ஓட்டுநருக்கு அந்த உரிமை இல்லை. கடன் மதிப்பெண்ணை வங்கி பெரிதும் சார்ந்து முடிவெடுத்தால் மதிப்பெண் போடுவதே தானியங்கி முடிவாகும் என்று, ஜெர்மனியின் ஷூஃபா நிறுவனம் தொடர்பான வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2023 டிசம்பர் 7-இல் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டிலிருந்து ஆடை வாங்கும் நிறுவனங்களுள் ஒன்றான எச் அண்ட் எம், தன் நியூரம்பெர்க் மைய ஊழியர்களின் நோய், குடும்பம், நம்பிக்கை பற்றிய குறிப்புகளைச் சேர்த்துவைத்ததற்காக, 2020 அக்டோபரில் ஹாம்பர்க் தரவுப் பாதுகாப்பு ஆணையம் அந்நிறுவனத்துக்கு 3.5 கோடி யூரோவுக்கும் மேல் அபராதம் விதித்தது.

ஐரோப்பாவின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைக்குத் திருப்பூரில் அதிகம் பேசப்படாத ஒரு முகம் உண்டு. அது குடியுரிமையைப் பார்ப்பதில்லை. ஐரோப்பாவிலுள்ள நிறுவனம் தன் அங்குள்ள செயல்பாட்டின் பகுதியாக யாருடைய தரவைக் கையாண்டாலும் அது பொருந்தும். தணிக்கைக்காகப் போன சம்பளப் பட்டியல் ஸ்வீடனிலோ ஜெர்மனியிலோ உள்ள பையரின் அலுவலகத்தில் இருந்தால், அதில் பெயருள்ள டெய்லர், தன்னைப் பற்றி என்ன இருக்கிறது என்று அந்தப் பையரைக் கேட்கலாம். சொந்த ஊர்க் கம்பெனியிடம் கேட்க முடியாததைக் கடல் கடந்த வாடிக்கையாளரிடம் கேட்க முடிகிறது.

பழைய சட்டத்தில் உள்ள நியாயம்

கேட்காமல் தண்டிக்காதே என்பது இந்தியாவுக்குப் புதிதில்லை. 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம், தொழிலாளி தன் காரணத்தைச் சொல்ல வாய்ப்புத் தராமல் அபராதம் போடக் கூடாது என்றது. 2025 நவம்பர் 21-இல் நடப்புக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்பு அதை அப்படியே எடுத்துக்கொண்டது: காரணம் கேட்காமல் அபராதமில்லை, அபராதம் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, சேதத்துக்கான பிடித்தத்துக்கும் முதலில் விளக்கம் கேட்க வேண்டும். மென்பொருள் தானாகப் போடும் அபராதம் இந்த விதியிலிருந்து தப்பாது. தொண்ணூறு ஆண்டுப் பழைமையான இந்த நியாயத்தை வேலைநீக்கம், இடமாற்றம், ஊக்கத்தொகை பற்றிய கணினி முடிவுகளுக்கும் விரிப்பதுதான் மீதமுள்ள வேலை.

கணக்கு வாய்பாடு சம்பளத்தைத் தீர்மானிப்பதும் இங்கே புதிதில்லை. 1984-இல் திருப்பூரின் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் முன்வைத்த முதன்மைக் கோரிக்கை பஞ்சப்படி. விலைவாசிக் குறியீட்டெண் ஏறினால் சம்பளத்தில் இவ்வளவு ஏறும் என்பது ஒரு வாய்பாடே. குறியீட்டெண் எல்லாருக்கும் தெரியும், ஒப்பந்தம் அச்சில் இருக்கும், எவரும் கணக்குப் போட்டுச் சரிபார்க்கலாம். அதனால் அது தொழிலாளியின் உரிமையாயிற்று. எஃபிசியன்சி மென்பொருளின் வாய்பாடும் அதேபோல் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட்டால் அதன்மேல் உள்ள அச்சம் பெருமளவு தீரும்.

செக்கிங் டேபிளில் ஒரு பீஸ் ஒதுக்கப்படும்போது குறை உள்ள இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். எந்த இடத்தில் என்ன குறை என்று தெரிந்து, ஆல்டர் செய்ய அனுப்பி, மறுபடி பார்க்கிறார்கள். துணிக்கு இருக்கும் இந்த ஒழுங்கு அதைத் தைப்பவருக்கும் வேண்டும். குறை எது என்று சொல்வது, திருத்த வாய்ப்புத் தருவது, மறுபடி ஒரு மனிதர் பார்ப்பது ஆகிய மூன்றும் அதில் அடங்கும்.

செய்யத் தக்கவை

ஒன்றிய அரசு 11, 12-ஆம் பிரிவுகளை வேலைக்கான தரவுக்கும் நீட்டிக்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2020-இலேயே பாதுகாப்பான, அறநெறி சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கையை வெளியிட்டது. அரசுத் துறைகளுக்காக அது வகுத்த நியாயம், வெளிப்படைத்தன்மை பற்றிய அளவுகோல்களைத் தொழிலாளர் துறை தொழிற்சாலைகளுக்கும் பரிந்துரைக்கலாம்.

திருப்பூரில் உரிமையாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து சம்பள ஒப்பந்தம் போடும் மரபு நீண்ட காலமாக உள்ளது. டெல்லியில் சட்டம் திருந்தும்வரை காத்திராமல் அடுத்த ஒப்பந்தத்திலேயே ஐந்து வரிகள் சேர்க்கலாம். எந்தத் தரவு எதற்காக எடுக்கப்படுகிறது என்பதைத் தொழிலாளியின் மொழியில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கைரேகை பதியாதவருக்கு மாற்றுவழி வேண்டும். டார்கெட் கணக்கின் வாய்பாடு கூடத்தில் ஒட்டப்பட வேண்டும். மாதம் ஒருமுறை அவரவர் பதிவை அவரவருக்குக் காட்ட வேண்டும். பிடித்தமோ நிறுத்தமோ பெயருள்ள ஒருவர் கையெழுத்தில்லாமல் செல்லாது என்றிருக்க வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய எந்திரம் தேவையில்லை. பெரிய செலவும் இல்லை.

விதிகள் தந்த 18 மாத அவகாசம் 2027 மே மாதத்தில் முடிகிறது. அதற்குள் ஒவ்வொரு கம்பெனியும் தன் கணினியில் உள்ள ஒவ்வொரு பெயரையும் ஒருமுறை சரிபார்த்து, அந்தப் பெயருக்கு உரியவரிடம் காட்டிவிட வேண்டும்.